போயிட்டு வாரேன்: மலையகத்தில் ஒரு செமஸ்டர் படித்துவிட்டு விடைபெறுவது எப்படி

இலங்கையின் மலையகத்தில், பேராதனையில் கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு நான் வெளியே வந்தபோது மதியம் பன்னிரண்டு மணி. எங்கள் பட்ச்சில் பாதிப் பேர் அதற்குள் பையோடு கலஹா சந்தியில் பஸ்ஸுக்கு நின்றார்கள். நான்கு மாதம் என் பக்கத்துக் கட்டிலில் படுத்த மட்டக்களப்புக்காரி, சுருட்டிய பாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, "ஊருக்குப் போய் மெசேஜ் போடுறன்" என்று சொல்லிக்கொண்டே ஓடினாள். அவ்வளவுதான். ஒரே கேத்தலில் தண்ணீர் கொதிக்கவைத்து, ஒரே டம்ளரில் தேநீர் குடித்த இரண்டு பேர் பிரிந்தது இப்படி.

நான் கூடலூர்க்காரி. நீலகிரியில் எங்களைச் 'சிலோன்காரங்க' என்பார்கள். அப்பாயி, அதாவது அப்பாவைப் பெற்றவர், 1973-இல் தலவாக்கலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்தவர். அவருடைய தங்கை, எனக்குச் சின்னப்பாயி, அங்கேயே தங்கிவிட்டார். 2024-இல் முதுகலைப் படிப்பின் ஒரு செமஸ்டரைப் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிக்க எனக்கு வாய்ப்புக் கிடைத்தது. வார நாட்களில் கம்பஸ், முடிந்த வார இறுதிகளில் சின்னப்பாயி வீடு. ஆகவே கிளம்பும்போது இரண்டு இடத்தில் விடைபெற வேண்டியிருந்தது. கம்பஸில் அதை நான் சரியாகச் செய்யவில்லை. தோட்டத்தில் ஓரளவு ஒழுங்காகச் செய்தேன், அதுவும் பெரியவர்கள் சொல்லிக்கொடுத்ததால். இனிமேல் போகிறவர்களுக்காக இரண்டையும் எழுதுகிறேன்.

நாளைப் பிடியுங்கள்

லெக்சர் முடிந்ததும் ஸ்டடி லீவ் வரும். சிலர் ஊருக்குப் போய்விடுவார்கள், மற்றவர்கள் லைப்ரரியில் அடைந்துகிடப்பார்கள். பிறகு பரீட்சை. கடைசிப் பேப்பர் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நாள். யாழ்ப்பாணம், வவுனியா, மட்டக்களப்பு என்று தூரத்து ஊர்க்காரர்கள் பேப்பரைக் கொடுத்த கையோடு பஸ் ஏறுவார்கள். அதைத் தப்பென்று சொல்ல முடியாது, ராத்திரிக்குள் வீடு போய்ச் சேர வேண்டும் அவர்களுக்கு. எல்லோரும் ஒன்றாக இருக்கும் கடைசி நாட்கள் லெக்சரின் கடைசி வாரத்தில்தான் இருக்கின்றன. அந்த வாரத்தில் ஒரு மாலையைப் பிடித்துவிடுங்கள்.

பெரிய ஏற்பாடு வேண்டாம். கம்பஸில் குறிஞ்சிக் குமரன் கோயில் இருக்கிறது. ஒரு வெள்ளிக்கிழமை எல்லோருமாக அங்கே போய்ப் பிரசாதம் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, மெதுவாக இறங்கி அக்பர் பாலம் வரை நடந்து, கீழே ஓடும் மகாவலியைப் பார்த்துக்கொண்டு அரை மணி நேரம் நின்றால் போதும். அங்கே நிற்கும்போது, சொல்ல நினைப்பதை ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லிவிடுங்கள். 'நீ கொடுத்த நோட்ஸ் இல்லாவிட்டால் நான் அந்தப் பேப்பரை எழுதியிருக்க மாட்டேன்' என்ற ஒரு வரியை முகத்தைப் பார்த்துச் சொல்வதற்கும், பஸ்ஸில் போகிறவளுக்கு மெசேஜில் அனுப்புவதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. நான் மெசேஜில்தான் அனுப்பினேன்.

ஆபீஸ் வேலைகளுக்கு ஒரு முழு நாளைத் தனியாக ஒதுக்குங்கள்: லைப்ரரி புத்தகம், ஹாஸ்டல் சாவி, மதிப்பெண் பட்டியலுக்கான விண்ணப்பம். லெக்சரர்களிடம் சிபாரிசுக் கடிதம் கேட்பதாக இருந்தால் மூன்று வாரம் முன்பே கேளுங்கள். விடைபெறப் போகும் நாளில் கையில் எந்தக் கோரிக்கையும் இருக்கக் கூடாது. "சேர், நன்றி சொல்லத்தான் வந்தேன்" என்று போய் நில்லுங்கள்.

யார் யாரிடம் சொல்ல வேண்டும்

நண்பர்கள் பெயரை வரிசையாக எழுதினால் பட்டியல் குறையாகத்தான் வரும். காலையில் எழுந்ததிலிருந்து இரவு படுக்கும் வரை நீங்கள் நடக்கும் பாதையை எழுதுங்கள். கேட்டைத் திறப்பவர் யார், கொன்டினில் முகத்தைப் பார்த்ததும் பிளேன்டீ ஊற்றுகிறவர் யார், ஃபோட்டோகாப்பிக் கடையில் சில்லறை இல்லாதபோது 'நாளைக்குத் தாங்க' என்றவர் யார். அப்படி எழுதும்போதுதான் விட்டுப்போகிற பெயர்கள் வரும்.

எனக்கு விட்டுப்போனது ஒரு பெயர். எங்கள் ஹாஸ்டல் நடைபாதையைக் கூட்டித் துடைக்கும் ஒரு சிங்கள அம்மா. நான் அவரை அக்கா என்றே கூப்பிட்டேன். சிங்களத்திலும் அக்கா அக்காதான் என்பதால் எங்களுக்குள் அந்த ஒரு சொல் முதல் நாளே பொதுவாக இருந்தது. மழை நாளில் மலையேறப் போகிறேன் என்று கேள்விப்பட்டு, சோப்பை ஈரமாக்கிக் கணுக்காலிலிருந்து முழங்கால் வரை கெட்டியாகப் பூசிவிட்டவர் அவர்தான், அட்டை ஏறாமலிருக்க. தினமும் காலையில் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு ஒரு சிங்களச் சொல் சொல்லித் தருவார். நான் திருப்பிச் சொல்வேன்.

பரீட்சை வாரத்தில் அவர் லீவில் போனார். திங்கட்கிழமை வந்துவிடுவார் என்று நான் யாரிடமும் கேட்காமல் நானாகவே நினைத்துக்கொண்டேன். வரவில்லை. நான் கிளம்பிவிட்டேன். அவருடைய நம்பர்கூட என்னிடம் இல்லை. தோழி ஒருத்தி மூலமாகப் பிறகு சொல்லி அனுப்பினேன். 'அந்த இந்தியப் பிள்ளை போயிட்டாளா' என்று கேட்டாராம். பத்து மாதம் ஆகியும் அது என் மனதில் அப்படியே கிடக்கிறது. அதனால் சொல்கிறேன்: ஒருவர் எந்த நாளில் வருவார், எந்த நாளில் வரமாட்டார் என்பதை இரண்டு வாரம் முன்பே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் கிளம்பும் தேதியையும் சொல்லிவையுங்கள்.

சொல்

'போறேன்' என்று சொல்லாதீர்கள். இது தமிழ் வீட்டில் வளர்ந்த எல்லோருக்கும் தெரியும் என்றாலும், வெளிநாட்டில் பிறந்து வளர்ந்து அங்கே படிக்க வரும் தமிழ்ப் பிள்ளைகள் பலருக்கு இது பழக்கத்தில் இல்லை. தோட்டத்தில் 'போயிட்டு வாரேன்' என்பார்கள். அதற்கு 'சரி, போயிட்டு வாங்க' என்று பதில் வரும். பதில் வந்த பிறகே படியிறங்க வேண்டும். சிங்களத்திலும் அப்படியே: 'கிஹின் என்னம்', போய் வருகிறேன். நான் மேலே சொன்ன அக்கா சொல்லித் தந்த சொற்களில் அதுவும் ஒன்று. கண்டிப் பக்கம் சிங்கள வீடுகளில் போர்டிங் இருப்பவர்கள் கிளம்பும்போது அதைச் சொல்லிப் பாருங்கள், வீட்டு அம்மாவின் முகம் மாறுவது தெரியும். வெற்றிலைக் கட்டுக் கொடுத்துப் பெரியவர்களை வணங்குவது அவர்கள் வழக்கம். எப்படிக் கொடுப்பது என்று ஒரு சிங்கள நண்பரிடம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

ஓர் இடத்தில் மட்டும் அந்தச் சொல் வராது: சாவு விழுந்த வீடு. எங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், பின்பக்கத்து வீட்டில் ஒரு தாத்தா இறந்து காரியம்கூட முடியாத நேரம் அது. அங்கே 'போயிட்டு வாரேன்' சொல்லக் கூடாது என்று சின்னப்பாயி வீட்டுச் சித்தி முன்பே சொல்லிக் கூட்டிப்போனார். உள்ளே உட்கார்ந்தோம். அந்தப் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டேன். எழுந்து வந்துவிட்டோம். அப்படி வருவதுதான் அங்கே மரியாதை.

இன்னொன்று, இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியம் என்று நினைக்கிறேன். 'போயிட்டு வாரேன்' என்று சொல்லுங்கள், ஆனால் எப்போது வருவேன் என்று தேதி சொல்லாதீர்கள். உறுதியாக வரப் போகிறீர்கள் என்றால் மட்டும் சொல்லுங்கள்.

இதை எனக்குக் கற்றுத் தந்தவர் சின்னப்பாயி. அது புரிய வேண்டுமானால் அங்கே விடைபெறுதல் என்றால் என்ன என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். 1948-இல் வந்த குடியுரிமைச் சட்டத்தால் தோட்டத்து மக்களில் மிகப் பெரும்பாலோர் நாடற்றவர்கள் ஆனார்கள். 1964-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள்: 5 லட்சத்து 25 ஆயிரம் பேரை இந்தியா ஏற்கும், 3 லட்சம் பேருக்கு இலங்கை குடியுரிமை கொடுக்கும், மீதி ஒன்றரை லட்சம் பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்த மீதியை 1974-இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அண்ணன் ஒரு நாட்டுக்கு, தம்பி ஒரு நாட்டுக்கு என்று குடும்பங்கள் பிரிந்தது இப்படித்தான். மலையிலிருந்து கோச்சியில் தலைமன்னார், அங்கிருந்து கப்பலில் ராமேஸ்வரம், பிறகு மண்டபம் முகாம். அந்தக் கோச்சிக்குத் தோட்டத்தில் 'அழுகைக் கோச்சி' என்று பெயர். எங்கள் அப்பாயி கூடலூரில் ஐம்பது வருடம் இருந்தும் இன்றைக்கும் ரயிலைக் கோச்சி என்றுதான் சொல்கிறார்.

1973-இல் தலவாக்கலை ஸ்டேஷனில் அப்பாயி ஜன்னலுக்கு உள்ளே, சின்னப்பாயி வெளியே. அப்பாயிக்கு 27 வயது, தங்கைக்கு 23. கோச்சி நகர ஆரம்பித்தபோது அப்பாயி, "ரெண்டு வருசத்துல வந்து பார்த்துட்டுப் போறேன்" என்றாராம். அழுகிற தங்கையைத் தேற்ற வாயில் வந்த வார்த்தை. வர முடியவில்லை. கூலி வேலை, பிள்ளைகள், பாஸ்போர்ட்டுக்கும் டிக்கெட்டுக்கும் பணம் ஏது. 1984-இல் தலைமன்னார்க் கப்பலும் நின்றுபோனது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விட்டபோது அப்பாயிக்கு முழங்கால் மடங்காத வயதாகிவிட்டது.

சின்னப்பாயி என்னிடம் இதைச் சொன்னது, அடுப்படியில் கோதுமை மாவைப் பிசைந்துகொண்டிருந்தபோது. அக்காவைக் குறை சொல்லும் குரலே இல்லை. "ரெண்டு வருசமுன்னு சொல்லாம இருந்திருந்தா நான் எண்ணியிருக்க மாட்டேன் பாப்பா" என்றார். அப்புறம் மாவை உருட்டிக் கல்லில் தட்ட ஆரம்பித்தார்.

அன்றைக்குத்தான் நான் முடிவு செய்தேன். 'தைப்பொங்கலுக்கு வந்துருவேன்', 'அடுத்த லீவுக்குப் பாருங்க' என்றெல்லாம் பாசத்தில் வாயில் வரும். அங்கே கேட்கிறவர்கள் காலண்டரில் நாளை வட்டம் போட்டு வைப்பார்கள்.

தோட்டத்துக்குப் போய்ச் சொல்வது

உங்களுக்குச் சொந்தக்காரர்கள் இல்லாமலிருக்கலாம். ஆய்வுக்காகவோ நண்பரோடோ ஒரு தோட்டத்துக்குப் போய்வந்திருந்தாலும் கடைசியாக ஒரு முறை சொல்லிக்கொள்ளப் போங்கள்.

ஞாயிற்றுக்கிழமை அல்லது போயா தினமாக, அதாவது பௌர்ணமி விடுமுறையாகப் பாருங்கள். மற்ற நாட்களில் விடிந்ததும் பெரட்டுக்கு, அதாவது வேலைக்குப் பேர் கொடுக்கும் இடத்துக்குப் போய்விடுவார்கள், கொழுந்து நிறுத்துவிட்டுத் திரும்ப மாலை ஆகும். உங்களுக்காக யாராவது வேலைக்குப் போகாமலிருந்தால் அன்றைக்குப் பேர் விழாது, சம்பளம் போய்விடும். அதைவிட நீங்கள் நாளை மாற்றிக்கொள்ளலாம்.

மாதத்தில் எந்த வாரம் என்பதையும் யோசியுங்கள். எங்கள் சித்தி வேலை செய்யும் தோட்டத்தில் பத்தாம் தேதி சம்பளம். நான் முதல் முறை போனது ஒரு மாதத்தின் ஐந்தாம் தேதி. கோழிக் குழம்பு, அப்பளம், பாயாசம். நன்றாகச் சாப்பிட்டேன். அது முழுக்கக் கடையில் கடன் கணக்கில் வாங்கியது என்று இரண்டு மாதம் கழித்து அந்த வீட்டுத் தங்கச்சி பேச்சுவாக்கில் சொன்னாள். விடைபெறப் போகும்போது சம்பளத்துக்கு அடுத்த ஞாயிறாகப் பார்த்துப் போனேன். என்ன சாப்பிட ஆசை என்று முன்பே சொல்லியும் விட்டேன்: ரொட்டியும் கட்டச் சம்பலும். கூடலூரில் எங்கள் வீட்டிலும் அதே ரொட்டிதான் என்றாலும், விறகடுப்புக் கல்லில் இரண்டு பக்கமும் கருகிப் புள்ளி விழுந்து, உடைத்தால் தேங்காய்ப்பூ வாசம் வரும் அந்தக் கனத்த ரொட்டி வேறு. விருந்தாளி இதைக் கேட்கிறாளே என்று சித்திக்கு முதலில் மனத்தாங்கல். "அடுத்த முறை வந்தா எனக்குக் கோழி வேணும் சித்தி" என்றதும் சிரித்துவிட்டார்.

ஒரு வீட்டுக்குள் போனால் எல்லா வீட்டுக்குள்ளும் போக வேண்டும். லயம் என்பது ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக வீடுகள். எங்கள் லயத்தில் முன்பக்கம் ஆறு, பின்பக்கம் ஆறு. முன்பக்கம் முடித்துவிட்டுக் கிளம்பினால் பின்பக்கத்துக்காரர்கள் வாயால் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், ஆனால் மனதில் வைத்துக்கொள்வார்கள். பன்னிரண்டு வீட்டிலும் சாயம், அதாவது தேநீர், தருவார்கள். வேண்டாம் என்று சொல்லாதீர்கள். உட்காரும்போதே "அரை டம்ளர் போதும்" என்று சொல்லிவிடுங்கள். பால் இல்லாத சாயம், கூடவே உள்ளங்கையில் ஒரு கரண்டி சீனி. ஒரு வாய் குடித்துவிட்டுச் சீனியைக் கொஞ்சம் நாக்கில் தொட்டுக்கொள்ள வேண்டும். ஐந்தாவது வீட்டில் ஓர் அக்கா எனக்குச் சீனி வைத்தபோது அவர் கையைப் பார்த்தேன். கட்டைவிரலிலும் ஆட்காட்டி விரலிலும் ரேகை ரேகையாகக் கறுப்பு, கொழுந்துச் சாறு ஏறியது. ஞாயிற்றுக்கிழமை என்று குளித்துத் தலைவாரிப் பொட்டு வைத்திருந்தார். அந்த இரண்டு விரல் மட்டும் திங்கட்கிழமையிலேயே இருந்தது.

மாலையில் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் ஒரு சூடம் கொளுத்துங்கள். மற்ற லயத்துக்காரர்களையும் அங்கே பார்த்துச் சொல்லிக்கொள்ளலாம், ஐந்து மலைமேடு ஏறி இறங்க வேண்டியதில்லை.

கொடுப்பதும் வாங்குவதும்

படம் பிரின்ட் போட்டுக் கொடுங்கள். ஃபோனில் அனுப்பினால் ஒரு வாரத்தில் கீழே போய்விடும். ஆனால் என்ன படம் என்பதைக் கேட்டுச் செய்யுங்கள். வெளியிலிருந்து போகிற எல்லோரும் தலையில் கூடைக் கயிறு, இடுப்பில் படங்குத் துணி என்று மலையில் நிற்கும் பெண்களைத்தான் எடுக்கிறோம். நானும் எடுத்து வைத்திருந்தேன். சித்தியிடம் காட்டியபோது, "கூடையோட வேணாம்மா, சீலை கட்டிக்கிட்டு நிக்கிறேன், அதை எடு" என்றார். ஒரு ஞாயிறு முழுக்க வீடு வீடாக அப்படி எடுத்தேன். பெட்டியிலிருந்து சீலை எடுத்துக் கட்டி, பிள்ளைகளை மடியில் இருத்தி, சிலர் இஸ்தோப்பில், அதாவது முன் திண்ணையில், பிளாஸ்டிக் கதிரை போட்டு. தலவாக்கலை டவுனில் ஸ்டூடியோவில் பிரின்ட் போட்டு, ஒவ்வொன்றையும் லேமினேட் செய்தேன். அது கட்டாயம். அந்த உயரத்தில் பனியும் மழையுமாகச் சுவரெல்லாம் ஈரம் ஊறும், சும்மா ஒட்டினால் ஒரே மழைக்காலத்தில் பூஞ்சணம் பிடிக்கும். பின்பக்கம் பெயர், உறவுமுறை, தேதி எழுதினேன்.

பழைய உடுப்பை மூட்டையாகக் கட்டித் தோட்டத்துக்குக் கொண்டு போகாதீர்கள். வாளி, கேத்தல், போர்வை எல்லாம் ஹாஸ்டல் ஜூனியர்களுக்குக் கொடுத்தால் உபயோகப்படும். பிள்ளைகளுக்குப் புதுக் கொப்பி, பேனா, கலர் பென்சில் வாங்குங்கள், ஆனால் லயத்தில் எத்தனை பிள்ளைகளோ அத்தனை பேருக்கும். பெரியவர்களுக்குப் பணம் கொடுக்க நினைத்தால் வெற்றிலை பாக்கோடு வைத்து, மற்றவர் பார்க்காத நேரம் காலில் விழுந்து கொடுங்கள்.

உங்களுக்குத் தேயிலைத்தூள் தருவார்கள். தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்கு மாதாமாதம் கிடைக்கும் தூளில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துச் சேர்த்து வைத்ததாக இருக்கும். மறுக்காமல் வாங்கிக்கொள்ளுங்கள். அதைப் பையில் வைக்கும் விதம் ஒன்று உண்டு. தேயிலைத்தூள் பக்கத்தில் என்ன இருக்கிறதோ அந்த வாசத்தை இழுத்துக்கொள்ளும். சோப்பு, மிளகாய்த்தூள், கருவாடு எதோடும் சேர்த்து வைக்காதீர்கள். காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, துணிகளுக்கு நடுவில் வையுங்கள். கூடலூரில் நான் டப்பாவைத் திறந்தபோது தோட்டத்து ஸ்டோர், அதாவது தேயிலைத் தொழிற்சாலைப் பக்கம் நடந்தால் வருகிற அதே வாசம் வந்தது.

மண்ணோ செடியோ எடுத்து வராதீர்கள். அப்பாயி ஒரு பிடி மண் கேட்டிருந்தார், அவர் பிறந்த லயத்து வாசல் மண். விமான நிலையத்தில் பிடிப்பார்கள், செடி நோய்க்குப் பயந்து போட்ட சட்டம் அது, நியாயமானதும்கூட. சின்னப்பாயி யோசித்துவிட்டு உள்ளே போய், அம்மிக் குழவி பக்கத்தில் கிடந்த கூழாங்கல் ஒன்றை எடுத்து வந்தார். இரண்டு பேரும் சிறுமிகளாக இருந்தபோது ஐந்தாங்கல் ஆடியதாம். சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துக் கொடுத்தார்.

நீங்கள் போன பிறகும் ஓட வேண்டியது

இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, கிளம்ப இரண்டு வாரம் இருக்கும்போதுதான் உறைத்தது. நான்கு மாதமாக ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு அப்பாயியும் சின்னப்பாயியும் என் ஃபோனில்தான் முகம் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். லயத்துக்குள் சிக்னல் இல்லை. மேலே தண்ணீர்த்தொட்டி மேட்டில்தான் கிடைக்கும். சின்னப்பாயி சால்வையைப் போர்த்திக்கொண்டு என் கையைப் பிடித்து ஏறி வருவார். நான் போனால் அதுவும் போகும்.

உங்களால் அங்கே ஏதாவது ஒன்று நடந்துகொண்டிருக்கும். ஒரு பிள்ளைக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்திருப்பீர்கள், ஒருவருக்கு ஆபீஸ் ஃபாரம் நிரப்பிக் கொடுத்திருப்பீர்கள். விடைபெறும் முன் அதை யார் கையிலாவது ஒப்படையுங்கள். நான் சின்னப்பாயி வீட்டுத் தம்பியைப் பிடித்தேன். பத்தாம் வகுப்புப் படிக்கிறான், ஃபோன் இருக்கிறது, டேட்டா போடத்தான் காசில்லை. மாதம் ஒரு சிறு ரீலோட் நான் இங்கிருந்து போட்டுவிடுகிறேன் என்று பேசி, கடைசி இரண்டு ஞாயிறும் அவனையே கூப்பிட வைத்தேன். நான் தள்ளி நின்றேன். முதல் முறை அவன் ஃபோனைத் தலைகீழாகப் பிடித்ததில் அப்பாயி, "எங்கடி, கூரைதான் தெரியுது" என்று கத்தினார். இரண்டாவது முறை சரியாகிவிட்டது.

கிளம்பும் நாள்

மலையிலிருந்து இறங்கும் நாளிலேயே விமானம் வைத்துக்கொள்ளாதீர்கள். மழைக்காலத்தில் மண் சரியும், மரம் விழும், கோச்சி மணிக்கணக்கில் நிற்கும். ஒரு நாள் முன்பே கொழும்புப் பக்கம் போய்விடுங்கள்.

நேரத்தைப் பெரியவர்கள் குறிக்கட்டும். நான் கிளம்பியது திங்கட்கிழமை. ஏழரை முதல் ஒன்பது வரை ராகுகாலம், அந்த நேரத்தில்தான் வீட்டிலிருந்து இறங்க வேண்டியிருந்தது. சின்னப்பாயி ஏழு மணிக்கே என் பெட்டியைத் தூக்க வைத்துப் பக்கத்து வீட்டு இஸ்தோப்பில் வைத்துவிட்டார். பெட்டி நல்ல நேரத்தில் கிளம்பிவிட்டது, இனி ஆள் எப்போது போனாலும் பரவாயில்லை.

ஸ்டேஷனுக்கு யார் வருவது என்பதை முந்தின நாளே பேசிவிடுங்கள். வயதானவர்களை வாசலிலேயே நிறுத்துவது நல்லது. சின்னப்பாயி தானாகவே சொல்லிவிட்டார், "டேசனுக்கு நான் வரமாட்டேன் பாப்பா" என்று. நான் வற்புறுத்தவில்லை. நெற்றியில் திருநீறு பூசினார். "போயிட்டு வாரேன் சின்னப்பாயி" என்றேன். எப்போது என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. "சரி, போயிட்டு வா" என்றார். படியிறங்கினேன். பன்னிரண்டு வீட்டிலும் வேலைக்குப் போகாமலிருந்த கிழவிகளும் பிள்ளைகளும் வாசலில் நின்றார்கள்.

கோச்சி கொட்டகலை தாண்டிச் சிங்கமலைச் சுரங்கத்துக்குள் நுழைந்தபோது பெட்டியிலிருந்த பிள்ளைகளெல்லாம் வழக்கம்போல ஊவென்று கூவினார்கள். அந்த இருட்டில் நான் அழுதேன். வெளிச்சம் வருவதற்குள் முடித்துக்கொள்ளலாம், அவ்வளவு நீளச் சுரங்கம் அது.

ஊர் போய்ச் சேர்ந்ததும் முதல் வேலையாக 'வந்து சேர்ந்துட்டேன்' என்று சொல்லிவிடுங்கள். தூக்கம், குளியல் எல்லாம் அப்புறம். நான் கூடலூர் பஸ் ஸ்டாண்டிலேயே நின்று தம்பிக்குக் குரல் மெசேஜ் அனுப்பினேன். அவன் பள்ளிக்கூடம் விட்டுத் தண்ணீர்த்தொட்டி மேட்டுக்கு ஏறிய பிறகுதான் அது அவனுக்குப் போயிருக்கும். சாயங்காலம் ஐந்து மணிக்கு இரண்டு நீலக் கோடு விழுந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மூன்றரைக்கே அப்பாயி முகம் கழுவி, கூழாங்கல்லைக் கையில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். நான்கு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது ஃபோன் அடித்தது. இந்த முறை கூரை தெரியவில்லை. சால்வைக்குள்ளிருந்து சின்னப்பாயி, "அக்கா, சாயங் குடிச்சிட்டியா?" என்றார்.